தவறிப்போன வகுப்புத் தோழன் பதிவு செஞ்ச அம்பா கேசட்டுகள்: எப்படிக் காப்பாத்துறது?

மண்டபம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். என்கூட 1967-ல எஸ்.எஸ்.எல்.சி. முடிச்ச நண்பன் போன மாசம் தவறிட்டான். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரன். நீலகிரி வெலிங்டன்ல பயிற்சி, 1971 போர்ல மேற்கு எல்லை. ஃபிளெக்ஸ்ல யூனிஃபார்ம் படமும் மெடலும் போட்டிருந்தாங்க. போட வேண்டியதுதான். ஆனா எங்க செட்டுல யாரைக் கேட்டாலும் முதல்ல அவன் பாட்டைத்தான் சொல்லுவாங்க.

அவன் தனுஷ்கோடிப் பையன். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல வீடும் போச்சு, வலையும் போச்சு. ஒன்பதாம் வகுப்பு நடுவுல எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தான். ஒரு பாட்டுப் பாடுடான்னு தமிழையா சொன்னதும் அவன் எடுத்தது சினிமாப் பாட்டு இல்ல, கரையில நின்னு கரைவலையைக் கயித்தால இழுக்குறப்போ மீனவங்க பாடுற அம்பாப் பாட்டு. அவன் "ஏலேலோ"ன்னு இழுத்த இடத்துல பாதி வகுப்பு தானா எதிர்க்குரல் குடுத்துச்சு. நாங்களும் கடற்கரைப் பிள்ளைகதானே.

பட்டாளத்துல இருந்து லீவுல வர்றப்பல்லாம், தனுஷ்கோடியை விட்டு வந்து பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் குடியேறின பெரியவங்களைத் தேடிப் போவான். துபாய்ல இருந்து வந்த ஒருத்தர்கிட்ட வாங்கின டேப் ரிக்கார்டர் வச்சிருந்தான். திண்ணையில உக்கார வச்சுப் பாடச் சொல்ல மாட்டான். கயிறு கையில இருக்கும்போதே பிடிக்கணும்பான். கேட்டா அவன் சொன்னதோட நியாயம் புரியும். வலை தூரத்துல இருக்கையில பாட்டு நிதானமா நடக்கும். மடி, அதான் மீன் சேர்ற வலைப்பை, கரைக்குக் கிட்ட வர வர அடி குறுகி, சொல்லு போயி வெறும் மூச்சும் சத்தமுமா ஆயிடும். நடுவுல கச்சான் காத்து இரையும், யாரோ யாரையோ வைவாங்க. அதையும் அழிக்காம வச்சிருக்கான். அதுல பாடின ஆளுக இப்ப ஒருத்தரும் இல்ல.

அந்தக் கேசட்டுகளை அவன் சம்சாரம் டிரங்குப் பெட்டியோட என்கிட்ட குடுத்துட்டாங்க. உப்புக் காத்துல சில கேசட்டு வெள்ளையாப் பூத்திருக்கு. ஒரு கடையில தூக்கிப் போட்டுடச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. என்ன செய்யலாம்?

தங்கச்சிமடத்தான்:
மாப்ள, படிச்சிட்டு அழுதுட்டேன்டா. அவன் பதிவு பண்ணினதுல எங்க அப்பா குரல் இருக்கணும். மேலட்டையில ஊரு, தேதி, முதல் குரல் யாருன்னு எழுதியிருப்பானே, பாத்துச் சொல்லு. எங்க வீட்டுல அப்பா போட்டோகூட ஒண்ணும் இல்ல.

கீழக்கரை சவுண்ட் சர்வீஸ்:
சலாம் அண்ணே. தூக்கிப் போட்டுடாதீங்க, முக்கால்வாசி தேறிடும். வெள்ளையாப் பூத்ததைத் தனியாப் பிரிச்சு வைங்க. அது பூஞ்சை, மத்ததோட ஒரே டெக்குல ஓட்டினா ஹெட் வழியா நல்ல டேப்புக்கும் ஒட்டும். கேசட்டு மேல்விளிம்புல ரெண்டு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதை ஒடச்சு விட்டுடுங்க. அப்புறம் கைதவறி ரிக்கார்டு அமுக்கினாலும் அழியாது. ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா முன்னுக்கும் பின்னுக்கும் சுத்தணும், ஒட்டிக்கிட்ட சுருள் இளகும். 90 நிமிஷ டேப்பு 60-ஐவிட மெல்லிசு, அதுல நிதானமாப் போங்க. நடுவுல இருக்குற ஃபெல்ட் பட்டை விழுந்திருந்தா டேப்பை வேற கூட்டுக்கு மாத்திக்கலாம்.

பதிவை வேவ் ஃபைலா எடுங்க, எம்பி3 வேணாம். இரைச்சலைக் குறைக்கிறேன்னு மூலப் பிரதியில கைவைக்காதீங்க. காத்தை எடுக்கப் போனா குரலும் கூடவே போயிடும். பெட்டியைக் கொண்டாந்தீங்கன்னா நானே செஞ்சு தர்றேன், காசு வேணாம். எங்க வாப்பாவும் கடல்லதான் கிடந்தாங்க.

முன்னாள் ஹவில்தார், பரமக்குடி:
ஐயா, நானும் மெட்ராஸ் ரெஜிமென்ட்தான், அவருக்கு ரொம்ப ஜூனியர். படாக்கானா, அதான் பட்டாளத்துல எல்லாரும் சேந்து சாப்பிடுற விருந்து, நடக்குற ராத்திரி தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம்னு மாறி மாறிப் பாட்டு ஓடும். அம்பா மாதிரி எதிர்க்குரல் பாட்டுன்னா மொழி தெரியாதவனும் சேந்துக்குவான். அவர் அங்கயும் பாடாம இருந்திருக்க மாட்டார். ஃபிளெக்ஸ்ல மெடல் இருக்கட்டும் ஐயா, பாட்டைப் பத்தியும் ஒரு வரி போடுங்க. ரெஜிமென்ட்டுக்கும் அது பெருமைதான்.

அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் 1982-ல ஆரம்பிச்ச இசை ஆவணக் காப்பகம் ஒண்ணு குர்கான்ல இருக்கு. இந்த மாதிரி நேர்ல போய் எடுத்த பதிவுகளைப் பாதுகாக்குறாங்க. ஒரு பிரதி அங்க போகட்டும். பாடினவங்க பேரையும் குடும்பத்து சம்மதத்தையும் சேத்துக் குடுங்க.

மண்டபம்வாசி:
ரொம்ப நன்றி. தம்பி, ஞாயித்துக்கிழமை பெட்டியோட கீழக்கரை வர்றேன், பூத்ததைத் தனிப் பையில கட்டிட்டேன். மாப்ள, உங்க அப்பா பேரு ரெண்டு அட்டையில இருக்கு. முதல்ல அதைத்தான் ஓட்டச் சொல்லப்போறேன், நீயும் கிளம்பி வா. காப்பகத்துக்கு அனுப்பச் சம்மதம்னு அவன் சம்சாரம் சொல்லிட்டாங்க. பாடினவங்க வீடுகள்லயும் கேக்கணும். பாம்பன்ல யார் யார் பிள்ளைக இருக்காங்கன்னு தெரிஞ்சவங்க இங்க எழுதுங்க.