‘பேக் ஃபீட்’ என்பதற்குப் ‘புறவரத்து’ சரிவருமா?

வணக்கம்.

‘பேக் ஃபீட்’ என்பதற்கு, அதாவது நாம் நிறுத்திவைத்த லைனுக்கு வேறு வழியில் வந்து சேரும் மின்சாரத்துக்கு, தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். இதுவரை வந்த மடல்களையெல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வரும் வயர்மேன், ஹெல்பர்களுக்கு நாங்கள் எடுக்கும் பாதுகாப்பு வகுப்புக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. லைன் கிளியர் (சப்ளையை நிறுத்திவிட்டு வேலைக்குத் தரும் அனுமதி), ஏபி சுவிட்ச் (கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), எர்த் ராடு (கம்பியைத் தரையோடு இணைக்கும் தடி) என்ற சொற்களைத் தொடவேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் நாக்குக்குப் பழகிய சொல்லைப் பிடுங்கக் கூடாது. ‘பேக் ஃபீட்’ மட்டும்தான் இடிக்கிறது. வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் புதியவர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. பழைய ஆட்கள் ‘ரிட்டன் கரண்ட்’ என்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த மின்சாரம் நியூட்ரல் கம்பியில் திரும்பிப் போவதற்கும் அதே பெயர்தான். அது ஒழுங்கான லைனில் தினமும் நடப்பது. இதுவோ ஆளைக் கொல்வது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருவர் கேட்டிருந்தார். 2018 நவம்பரில், கஜா புயலுக்கு அப்புறம், டெல்டாவில் ஒரு தெருவில் வேலை. ஊர் முழுக்க வாடகை ஜெனரேட்டர்கள். டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுவது, செல்போனுக்குச் சார்ஜ் போடுவது எல்லாம் அதில்தான். நாங்கள் ஏபி சுவிட்சைத் திறந்து, மூன்று கத்தியும் விலகி நிற்பதைக் கீழிருந்து பார்த்துவிட்டு, கைப்பிடியில் பூட்டும் போட்டாயிற்று. ஏறப்போன பையன், “அதான் ஆஃப் பண்ணியாச்சே சார், இன்னும் என்ன?” என்றான். டெஸ்டரை வைத்துப் பார் என்றேன். காப்புத் தடியின் நுனியில் மாட்டிய டெஸ்டர் எல்டி கம்பியில் (வீடுகளுக்குப் போகும் தாழ்வழுத்தக் கம்பி) பட்டதும் விளக்கு எரிந்தது. பூட்டின சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது, கம்பியில் மின்சாரமும் இருக்கிறது. நாலு வீடு தள்ளி, ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி, ஜெனரேட்டரிலிருந்து சுவர் சாக்கெட்டுக்குச் சொருகியிருந்தார்கள். மெயின் சுவிட்சை இறக்கவில்லை. அந்த வீட்டுக்காரருக்குத் தன் வீட்டு மின்சாரம் கம்பத்துக்கும் போகும் என்பதே தெரியவில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர், எல்டி பக்கம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் மறுபக்கம் ஆயிரக்கணக்கில் ஏற்றித் தரும். ‘தெருவே அந்தச் சின்ன ஜெனரேட்டரில் தொங்கினால் அது தாங்காமல் நின்றுவிடும்’ என்று சிலர் நம்புகிறார்கள். பல இடங்களில் அப்படி நிற்கவும் செய்யும். ஆனால் லைன் அறுந்து, கடைசியில் இரண்டு மூன்று வீடு மட்டும் மிஞ்சியிருந்தால் நிற்காது. புயலுக்குப் பிறகு நாம் வேலை செய்வது பெரும்பாலும் அப்படிப்பட்ட இடத்தில்தான்.

இனி உங்கள் சொற்கள்.

> எதிர்மின்னோட்டம் என்றே வைக்கலாமே?

மின்னியலில் ‘எதிர்’ ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது. எதிர்மின்வாய், எதிர்மின்சுமை என்று பள்ளியில் படித்துவிட்டு வருபவர் இதையும் அந்த வரிசையில்தான் வைப்பார்.

> மீள்மின்சாரம்

‘மின்சாரம் மீண்டது’ என்றால் ஊரில் சப்ளை வந்துவிட்டது என்று பொருள், நல்ல செய்தி. எச்சரிக்கைக்கு ஆகாது.

> பின்னூட்டம்

சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அது கருத்துரைக்கும், மின்னணுவியலில் ஃபீட்பேக்குக்கும் போய்விட்டது. ஒரு சொல் இரண்டு வேலை பார்ப்பதால் வரும் சங்கடத்துக்கு ‘மின்தடை’ ஒன்றே போதும். கரண்ட் போனாலும் மின்தடை, ஓமில் அளப்பதும் மின்தடை.

நான் முதலில் எழுதி வைத்திருந்தது ‘பின்வரத்து’. ஏரிக்கு வரத்து, அணைக்கு நீர்வரத்து என்று எல்லோரும் அன்றாடம் சொல்வதால் ‘வரத்து’ உடனே ஒட்டிக்கொண்டது. கரும்பலகையில் எழுதியதும் ஒரு ஹெல்பர், “பின்னாடி வர்றதா சார், பிறகு வர்றதா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். ‘பின்வரும்’ என்றால் அடுத்து வருவது என்றுதானே படிக்கிறோம். அன்றே அதை விட்டுவிட்டேன்.

இப்போது நான் முன்வைப்பது ‘புறவரத்து’. புறங்கை, புறமுதுகு, புறக்கடை என்பவற்றில் ‘புறம்’ பின்பக்கம். புறநகர், புறச்சுவர் என்பவற்றில் வெளிப்பக்கம். இந்த மின்சாரமும் அப்படித்தான். பின்னாலிருந்து வீட்டு ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் வழியாகவும் வரும், பக்கத்து ஃபீடரின் (வேறொரு மின்பாதையின்) கம்பி அறுந்து மேலே விழுந்தாலும் வரும். ‘பேக்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இந்த இரண்டாவது இல்லை. கடைமடைக்காரர் ஒருவர், வாய்க்கால் தலைப்பில் மதகை அடைத்தாலும் வடிகால் வழியாகக் கடல்தண்ணீர் ஏறி வருமே, அந்த மாதிரியா என்றார். அதே மாதிரிதான்.

பக்கத்தில் ஓடும் எச்டி (உயரழுத்த) லைனால் கம்பியில் ஏறும் தூண்டல் மின்சாரத்தையும் இதற்குள் அடக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்பது என் எண்ணம். அதற்குப் பெயர் இருக்கிறது, காரணமும் வேறு. இரண்டுக்கும் மருந்து எர்த் போடுவதுதான் என்றாலும், எங்கிருந்து வருகிறது என்று தேடும் இடம் வேறு.

கையேட்டில் வரவிருக்கும் பத்தி இது:

“புறவரத்து: நாம் திறந்து பூட்டிய சுவிட்ச் வழியாக இல்லாமல், வேறு வழியில் லைனுக்கு வந்து சேரும் மின்சாரம். லைன் கிளியர் வாங்கினாலும் புறவரத்து இருக்கலாம். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே எர்த் ராடு. முதலில் தரையில் இணைத்து, அப்புறம் கம்பியில் மாட்டவும். எடுக்கும்போது முதலில் கம்பியிலிருந்து எடுக்கவும். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் இருக்க வேண்டும்.”

வினைதான் இன்னும் முடிவாகவில்லை. ‘புறவரத்து வருகிறது’ என்றால் கூறியது கூறல். ‘ஏறுகிறது’ என்றால் கம்பத்தில் ஆள் ஏறுவதோடு குழம்புமோ என்று தயங்குகிறேன். ‘புறவரத்து இருக்கு, இறங்கு!’ என்று கீழிருந்து கத்தினால் மேலே இருப்பவர் காதில் தெளிவாக விழுகிறதா என்பதைக் களத்தில் இருப்பவர்கள் ஒருமுறை சொல்லிப் பார்த்து எழுதுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த ஒன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.