எழில் மொழியில் ‘வரை’ லூப் ஒருமுறைகூட ஓடவில்லை, விடை 0 என்றே வருகிறது

கேட்டவர்: கணக்கு டீச்சர்

வணக்கம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் எழில் மொழியைச் சொல்லித் தருகிறேன். நானும் இரண்டு மாதமாகத்தான் கற்று வருகிறேன். வகுப்புக்கு 1100 ரூபாயில் ஒரு கேரம் போர்டு வாங்க வேண்டும். வாரம் 50 ரூபாய் சேர்த்தால் எத்தனை வாரம் ஆகும் என்று பார்க்க ஒரு லூப் (வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுற்று) இப்படி எழுதினேன்:

சேமிப்பு = 0
வாரம் = 0
@(சேமிப்பு >= 1100) வரை
    சேமிப்பு = சேமிப்பு + 50
    வாரம் = வாரம் + 1
முடி
பதிப்பி வாரம்

22 வர வேண்டும். 0 வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. "1100 ஆகும் வரை சேர்" என்றுதானே எழுதியிருக்கிறேன்? நாளை மறுநாள் வகுப்பு. யாராவது உதவுங்கள்.

பதில்: புதியவன்

டீச்சர், மாறிகளின் பெயர் (சேமிப்பு, வாரம்) தமிழில் இருப்பதால் இருக்குமோ? ஆங்கில எழுத்தில் மாற்றிப் பாருங்கள்.

பதில்: பழைய நிரலாளர்

தம்பி, பெயரில் தவறில்லை. எழில் தமிழ்ப் பெயர்களை நன்றாகவே எடுத்துக்கொள்ளும். டீச்சர், உங்கள் நிரலில் ஒரே ஒரு குறிதான் தப்பு. >= இருக்கும் இடத்தில் < போடுங்கள்:

@(சேமிப்பு < 1100) வரை

காரணத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் எழில் கற்கும்போது நானும் இதே இடத்தில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். தமிழில் ‘வரை’க்கு இரண்டு வேலை. "அப்பா வரும் வரை விழித்திரு" என்றால் அப்பா வந்ததும் நிறுத்து என்று அர்த்தம். "எண்ணெய் உள்ளவரை விளக்கு எரியும்" என்றால் எண்ணெய் இருக்கிற காலமெல்லாம் எரியும். எழிலின் ‘வரை’ இந்த இரண்டாவது வகை. பைதான் என்ற நிரல்மொழியில் ‘வைல்’ (while) என்ன செய்யுமோ அதையேதான் செய்யும். அடைப்புக்குள் இருப்பது மெய்யாக உள்ளவரை சுற்றும், பொய்யானதும் வெளியே வந்துவிடும்.

நீங்கள் முதல் வகையை மனதில் வைத்து எழுதினீர்கள். தொடக்கத்தில் சேமிப்பு 0. "0 >= 1100" பொய். அதனால் லூப்புக்குள் நுழையவே இல்லை. வாரம் 0 ஆகவே நின்றது. இலக்கணப்படி எல்லாம் சரியாக இருப்பதால் பிழைச் செய்தியும் வராது.

பிள்ளைகளிடம் ‘வரை’ என்ற இடத்தில் ‘உள்ளவரை’ என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். "சேமிப்பு 1100-க்குக் குறைவாக உள்ளவரை சேர்." அப்படிப் படித்தால் குறி தானாகவே சரியாக வரும்.

கணக்கு டீச்சர்

22 வந்துவிட்டது! ரொம்ப நன்றி சார். ‘உள்ளவரை’ எனக்கே இப்போதுதான் தெளிந்தது.

அப்புறம் இன்னொன்று. நாலு வாரத்துக்கு ஒருமுறை பழைய பேப்பர் விற்று 100 ரூபாய் கூடுதலாக வரும். அதையும் சேர்த்தேன் (% என்றால் வகுத்த மீதி):

@(சேமிப்பு < 1100) வரை
    @(வாரம் % 4 == 0) ஆனால்
        சேமிப்பு = சேமிப்பு + 100
    முடி
    சேமிப்பு = சேமிப்பு + 50
    வாரம் = வாரம் + 1
முடி

கரும்பலகையில் போட்டால் 16 வாரம். நாலு வாரத்துக்கு 300, பன்னிரண்டு வாரத்தில் 900, பதினைந்தில் 1050, பதினாறாவது வாரம் பேப்பர் காசோடு 1200. நிரலோ 14 என்கிறது. எதை நம்புவது?

பதில்: பழைய நிரலாளர்

கரும்பலகையை நம்புங்கள். லூப்புக்குள் கடைசி வரியாக இதைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்:

பதிப்பி வாரம், சேமிப்பு

முதல் வரியிலேயே 1, 150 என்று வரும். முதல் வாரமே பேப்பர் காசு எப்படி வந்தது? நிபந்தனையைப் பார்க்கும் நேரத்தில் வாரம் இன்னும் 0. 0-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 0, ஆகவே நிபந்தனை மெய். இப்படியே 1, 5, 9, 13 ஆகிய வாரங்களில் 100 சேர்ந்துவிடுகிறது. 13-இல் 1050, 14-இல் 1100. ‘ஆனால்’ பகுதி முழுவதையும் "வாரம் = வாரம் + 1" என்ற வரிக்குக் கீழே இறக்குங்கள், 16 வரும்.

நீங்கள் கையால் போட்டுப் பார்த்திருக்காவிட்டால் இந்தத் தவறு தெரிந்தே இருக்காது. தொகை 1200 ஆக இருந்திருந்தால் தப்பான நிரலும் 16 என்றே காட்டியிருக்கும், கணக்கிட்டுப் பாருங்கள். அதனால் பிள்ளைகளை விடையோடு நிறுத்தாமல் ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் மதிப்பைப் பதிப்பிக்கச் சொல்லுங்கள்.

பதில்: புதியவன்

நானும் இதை அடித்துப் பார்த்தேன் அண்ணா. எனக்கு நிற்கவே இல்லை. 1, 150 என்று திரை முழுக்க ஓடுகிறது.

பதில்: பழைய நிரலாளர்

முதலில் கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள் தம்பி. ‘ஆனால்’ பகுதியின் ‘முடி’யை "வாரம் + 1" வரிக்குக் கீழே போட்டிருப்பீர்கள். அப்படியென்றால் 50 சேர்ப்பதும் வாரம் கூடுவதும் நிபந்தனைக்குள் மாட்டிக்கொண்டன. முதல் சுற்றில் வாரம் 1 ஆகிறது. 1-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 0 இல்லை, அதன்பின் எதுவும் மாறாது, சேமிப்பு 150-ஐத் தாண்டாது, லூப்பும் நிற்காது. பைதானில் உள்தள்ளலே (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி) எல்லையைச் சொல்லும். எழிலில் ‘முடி’தான் சொல்லும், உள்தள்ளல் நம் கண்ணுக்கு மட்டும்.

புதியவன்

ஆமாம் அண்ணா, அதேதான். ‘முடி’யை மேலே ஏற்றியதும் நின்றுவிட்டது.

கணக்கு டீச்சர்

வகுப்பு முடிந்தது சார். முதலில் தப்பான நிரலைத்தான் காட்டினேன். ஏன் 14 என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "டீச்சர், முதல் வாரமே எப்படி பேப்பர் சேரும்?" என்றாள். அவளே வந்து அந்த மூன்று வரியையும் கீழே இறக்கினாள். 16 வந்தது. அடுத்த வாரம் ‘ஆக’ லூப் எடுக்கிறேன். சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கிறேன்.