மென்பொருள் கையேட்டை எந்தக் கோப்பு வடிவத்தில் வைத்திருப்பது?

உப்புவெளி நிரலாளர் கேட்டது:

வணக்கம். சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றைத் திருகோணமலையில் ஒரு சிறு குழுவாகப் பராமரித்து வருகிறோம். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் ஆகிய இடங்களில் உள்ள எழுதுவினைஞர்கள் அதை நாளாந்தம் பயன்படுத்துகிறார்கள். நிரல் முழுவதும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் இருக்கிறது. பயனர் கையேடோ தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று என இரண்டு வேர்ட் கோப்புகளாக மின்னஞ்சலில் கைமாறிக்கொண்டிருக்கிறது. ‘இறுதி’, ‘இறுதி திருத்தியது’ என்ற பெயர்களில் பல பிரதிகள் உலவுவதால், எது நடப்பில் உள்ளது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

அண்மையில் மாதமுடிவுத் திரையில் வட்டிக் கணிப்பைத் தனிப் படியாகப் பிரித்தோம். கையேட்டில் பழைய ஒழுங்கே இருந்தபடியால், ஒரு சங்கத்தில் வட்டி பதியப்படாமலே மாதம் மூடப்பட்டுவிட்டது. பிறகு அங்கத்தவர்களின் கடன் மீதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. நிரல் மாறும்போது கையேடும் கூடவே மாறுவதற்கு எந்த வடிவம் உதவும்? அச்சுப் பிரதியும் எங்களுக்குத் தேவை. திருத்தம் சொல்ல வேண்டிய எழுதுவினைஞர்களுக்கு வேர்ட் மட்டுமே பழக்கம் என்பதையும் கருத்திற் கொள்ளுங்கள்.

நிலாவெளி வாசகர்:

வேர்ட் கோப்பு என்பது எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஸிப் பொதி. ஆகவே அதைக் கிட்டில் சேர்த்தாலும், இரண்டு பதிப்புகளுக்கிடையே எந்த வரி மாறியது என்பதை அது காட்டாது. உரையாகப் படிக்க முடியாத பைனரி கோப்பு ஒன்று மாறியிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. நிரலை மீளாய்வு செய்பவர் கையேட்டின் மாற்றத்தையும் அதே இடத்தில், அதே நேரத்தில் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கு வெற்று உரைக் கோப்பே ஏற்றது. தலைப்பு, பட்டியல் போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் மார்க்டவுனை நான் பரிந்துரைக்கிறேன். 2004இல் ஜோன் குரூபர் வெளியிட்ட அந்த வடிவத்தைப் புதியவர் ஒருவர் ஒரே அமர்வில் கற்றுக்கொள்ளலாம்.

கையேட்டை, கிட்டில் நிரல் சேமிக்கப்பட்டிருக்கும் அதே களஞ்சியத்திலேயே வையுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். ஒரு சொல் மாறும்போது முழுப் பத்தியும் மாறியதாகத் தோன்றாமல், அந்த வாக்கியம் மட்டும் மீளாய்வில் தெரியும். திரையின் நடத்தையை மாற்றும் எந்த நிரல் மாற்றமும் கையேட்டுத் திருத்தம் இல்லாமல் ஏற்கப்படக் கூடாது என்று குழுவில் ஒரு விதியை வைத்துவிட்டால், மாதமுடிவில் நேர்ந்தது போன்றவை பெரும்பாலும் முன்கூட்டியே பிடிபட்டுவிடும்.

பிடிஎப்பை அச்சிடுவதற்காக மட்டும் உருவாக்குங்கள். அதில் யாரும் திருத்தம் செய்யக் கூடாது.

கிண்ணியா ஆவணர்:

நிரலும் கையேடும் ஒரே களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரண்டு மொழிகளில் கையேடு வைத்திருப்பவருக்கு மார்க்டவுன் போதாது என்று நினைக்கிறேன். பல வகைகளாகப் பிரிந்துபோன மார்க்டவுனுக்குப் பொது வரையறை தர 2014இல் கொமன்மார்க் முயற்சி தொடங்கியது. அந்த வரையறையில்கூட அட்டவணை கிடையாது. கையேட்டின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதியைப் பெயரிட்டுச் சுட்டும் வசதியும் அதில் இல்லை. ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு நீட்சியைச் சேர்ப்பதால், கருவியை மாற்றும் நாளில் கோப்புகளையும் திருத்த நேரிடும்.

ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் என்னும் இன்னொரு வெற்று உரை வடிவத்தையும், அதைக் கையேடாகத் தொகுக்கும் ஸ்பிங்க்ஸ் கருவியையும் பாருங்கள். பைதான் மொழியின் ஆவணங்களுக்காக உருவாகி 2008இல் வெளிவந்த ஸ்பிங்க்ஸை லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலின் ஆவணங்களும் 2016இலிருந்து பயன்படுத்துகின்றன. எச்சரிக்கைகளைப் பிழைகளாகக் கொள்ளுமாறு பணித்தால், இல்லாத ஒரு பகுதியைச் சுட்டும் இணைப்பு எங்காவது இருந்தாலே தொகுப்பு நின்றுவிடும். மாதிரி அமைப்புக் கோப்பின் வரிகளைக் கையேட்டில் பிரதி செய்யாமல், உண்மையான கோப்பிலிருந்தே இழுத்துக்கொள்ளவும் முடியும். மூலம் மாறினால் கையேட்டில் உள்ள பகுதியும் மாறிவிடும். அஸ்கிடாக் என்னும் மற்றொரு உரை வடிவத்திலும் இந்த வசதி உண்டு. அதன் எழுத்துமுறை உங்களுக்குப் பிடித்தால் அதையே எடுப்பதில் தவறில்லை.

மொழிபெயர்ப்பு விடயத்தில்தான் ஸ்பிங்க்ஸ் உங்களுக்குப் பெரிதும் கைகொடுக்கும். தமிழை மூலமாக வைத்தால், அது ஒவ்வொரு பத்தியையும் கெட்டெக்ஸ்ட் என்னும் மொழிபெயர்ப்புக் கோப்பில் தனித்தனிப் பதிவாகப் பிரித்துத் தரும். மூலப் பத்தி திருத்தப்பட்டதும், அதற்குரிய சிங்களப் பதிவு ஐயத்துக்குரியது என்று குறியிடப்படும். இயல்பான அமைப்பில் அந்தப் பழைய மொழிபெயர்ப்பு பக்கத்தில் தோன்றாது, மூல மொழிப் பத்தியே தோன்றும். சிங்களப் பக்கத்தின் நடுவில் தமிழ்ப் பத்தி வருவது குறைதான். ஆயினும் வட்டிக் கணிப்புப் போன்ற ஒன்றில் தவறான அறிவுறுத்தலைச் சரியென்று நம்பவைப்பதைக் காட்டிலும் அது மேலானது. மொழிபெயர்ப்பாளரும் முழுக் கையேட்டைப் படிக்காமல், குறியிடப்பட்டவற்றை மட்டும் பார்த்தாற் போதும்.

சீனக்குடா மூத்தவர்:

தம்பி, வடிவத்தைத் தீர்மானிக்க முன் அந்தத் தமிழ் வேர்ட் கோப்பு எந்த எழுத்துருவில் தட்டப்பட்டது என்று பாருங்கள். நம்மூர் அலுவலகங்களின் பழைய ஆவணங்களில் பெருந்தொகை பாமினி எழுத்துருவில் உள்ளவை. அதில் ‘தமிழ்’ என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்பட்டிருக்கும். உரைக் கோப்பாக மாற்றும்போது எழுத்துரு கழன்றுவிடும். அந்த ஆங்கில எழுத்துகளே மிஞ்சும். முதலில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் குறியீடு தரும் யுனிகோட்டுக்கு மாற்றி, அதன் சேமிப்பு முறைகளில் ஒன்றான யுடிஎப்-8 ஆகச் சேமித்த பின்னரே மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

யுனிகோட்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. திருகோணமலை என்ற பெயரில் உள்ள ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக அடுத்தடுத்து வைத்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கிட்டுக்கு அவை வேறு வேறு வரிகள். பல தேடல் கருவிகளும் ஒன்றைக் கொடுத்தால் மற்றதைக் காணமாட்டா. இருவர் வெவ்வேறு விசைப்பலகைகளில் எழுதினால், யாரும் எதையும் மாற்றாத வரிகள் மாறியவையாக வந்து மீளாய்வைக் குழப்பும். ஆகவே மாற்றத்தைக் கிட்டில் பதியுமுன், அத்தகைய குறியை ஒரே குறியீடாக்கும் என்எப்சி என்னும் நியம வடிவுக்கு எல்லாக் கோப்புகளையும் கொண்டுவரும் ஒரு சிறு நிரலை ஓடவிடுங்கள்.

அப்போது கண்ணுக்குத் தெரியாத குறியீடுகள் அனைத்தையும் துடைத்துவிடவும் வேண்டாம். சிங்களத்தில் ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்துகள் சரியாக அமைய அத்தகைய இணைப்புக் குறி ஒன்று அவசியம். அதை நீக்கினால் சிங்களக் கையேடு பக்கத்துக்குப் பக்கம் உடைந்து தெரியும்.

உப்புவெளி நிரலாளர்:

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடியே தமிழ்க் கோப்பின் முற்பகுதி பாமினியில்தான் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறோம். மொழிபெயர்ப்பின் காரணமாக ஸ்பிங்க்ஸையே எடுக்க எண்ணுகிறோம். எழுதுவினைஞர்களின் திருத்தங்களை எப்படிப் பெறுவது என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. அவர்களை ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் எழுதச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

நிலாவெளி வாசகர்:

இரண்டு மொழி என்னும்போது ஸ்பிங்க்ஸே பொருந்தும், அதை ஒப்புக்கொள்கிறேன். எழுதுவினைஞர்களுக்குப் பாண்டாக் கருவியால் அந்தந்த அத்தியாயத்தை மட்டும் வேர்ட் கோப்பாக மாற்றி அனுப்புங்கள். மாற்றங்களைத் தடம் பதிக்கும் வசதியை இயக்கி, அவர்கள் தமக்குப் பழகியபடி திருத்தி அனுப்பட்டும். அந்தத் தடங்களையும் குறிப்புகளையும் விடாமல் படிக்கப் பாண்டாக்கில் தெரிவு உண்டு. ஆனால் திரும்பி வரும் கோப்பை மூலத்தின் மேல் அப்படியே மாற்றி எழுதிவிடாதீர்கள். குறுக்கு இணைப்புகளும் இழுத்துக்கொண்ட பகுதிகளும் அதில் அழிந்துபோயிருக்கும். குழுவில் ஒருவர் பொறுப்பெடுத்து, திருத்தங்களை மூலக் கோப்பில் கையால் சேர்க்க வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு கோப்பின் முதற்பக்கத்திலும் மென்பொருளின் பதிப்பு எண்ணும் திகதியும் தானாகவே அச்சாகும்படி செய்யுங்கள். எந்தப் பிரதியைப் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள் என்பதை மூதூரிலிருந்து தொலைபேசியில் கேட்டே அறிந்துகொள்ளலாம்.