90களின் ரேவ்: தண்ணீர் காப்பாற்றியதா, கொன்றதா?

நிலவன்

பிரிட்டன் ரேவ், அதாவது விடிய விடிய மின்னணு இசைக்கு ஆடும் கூட்டங்கள் பற்றிச் சில மாதங்களாகத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கிறேன். டெட்ராய்டின் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்று டெக்னோ இசையில் தொடங்கி, சிகாகோவின் ஹவுஸ் இசையைச் சுற்றிக்கொண்டு இப்போது வேகத் தாளமும் கனத்த பேஸும் கொண்ட லண்டன் ஜங்கிள் இசையில் வந்து நிற்கிறேன். இசை புரிகிறது, உடம்பு தானாக ஆடுகிறது. ஒரு விஷயம் மட்டும் குழப்புகிறது. அந்தக் காலத்துத் துண்டுப்பிரசுரங்கள் எல்லாம் ‘தண்ணீர் குடியுங்கள்’ என்கின்றன. ஆனால் 1995 நவம்பரில் எசெக்ஸில் எக்ஸ்டசி மாத்திரை போட்டு இறந்துபோன 18 வயதுப் பெண்ணின் உயிரை எடுத்தது அளவுக்கு மீறிக் குடித்த தண்ணீர்தான் என்றும் படித்தேன். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அங்கே இருந்தவர்கள், மருத்துவம் தெரிந்தவர்கள் யாராவது விளக்குங்கள்.

பழைய கேசட்

தம்பி, நான் 1992இல் லண்டன் வந்தவன். வந்த வருடமே கூட வேலை செய்தவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். ஊர் தெரியாது, மொழி அரைகுறை, ஆனால் அந்த இருட்டுக்குள் யாரும் என்னை எங்கிருந்து வந்தாய் என்று கேட்கவில்லை. அதற்காகவே நான்கு வருடம் விடாமல் போனேன். மாத்திரை எனக்கு வேண்டியிருக்கவில்லை, ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றாலே போதும், அடிவயிற்றில் பேஸ் இறங்கும்.

தண்ணீர்க் கதையை நான் கண்ணால் பார்த்தேன். ரேவுக்கு வருகிறவர்கள் பீர் வாங்குவதில்லை, அதனால் கிளப்காரர்களுக்கு பாரில் வருமானம் இல்லை. நாங்கள் வழக்கமாகப் போன ஒரு இடத்தில் கழிப்பறைக் குழாயின் கைப்பிடியையே கழற்றி வைத்திருந்தார்கள். வெறும் திருகுத்தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் வேலை செய்யும், கை வைக்க முடியாது. பாட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் பாருக்குப் போய்க் காசு கொடு. உள்ளே ஆயிரம் பேர், ஜன்னல் கிடையாது, எங்கள் வியர்வையே ஆவியாகி மேலே போய்க் கூரையில் படிந்து திரும்ப எங்கள் தலையில் சொட்டும். ஒருநாள் விடியற்காலை என் சினேகிதன் ஒருவன் ஆடிக்கொண்டிருந்தவன் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். தொட்டுப் பார்த்தேன், அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. வியர்வையே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்காதது, மற்ற எல்லோரும் நனைந்து போயிருக்க இவன் தோல் மட்டும் காய்ந்து கிடந்தது. நானும் இன்னொருவனும் தூக்கி வெளியே குளிரில் போட்டு, சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தோம். வாயிலில் நின்ற ஆட்கள், ஆம்புலன்ஸ் வந்தால் கிளப் பெயர் கெட்டுவிடும், டாக்ஸியில் கொண்டுபோங்கள் என்றார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

யாழினி

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நிலவன், நீங்கள் படித்த இரண்டுமே உண்மை. அவை இரண்டு தனித்தனி ஆபத்துகள், அவ்வளவுதான்.

முதலாவது, அண்ணா சொன்ன சூடு. எக்ஸ்டசி மாத்திரையில் இருக்கும் போதைப்பொருளான எம்.டி.எம்.ஏ உடல் வெப்பத்தை ஏற்றும், களைப்பையும் தாகத்தையும் மறைக்கும். அதோடு புழுக்கமான அறையில் மணிக்கணக்காக ஆட்டம். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிப் போனால் தசை சிதையத் தொடங்கும், ரத்தம் உறையும் முறை கெடும், சிறுநீரகம் நின்றுபோகும். இதற்குத் தண்ணீர் உதவும், ஆனால் அதைவிட முக்கியம் ஆட்டத்தை நிறுத்திக் குளிர்ந்த இடத்துக்குப் போவது. அதனால்தான் ஆட்டத்திலிருந்து விலகிக் குளிர்ச்சியாக உட்கார ஒரு ‘சில்-அவுட்’ அறை வேண்டும் என்று அப்போது அவ்வளவு வற்புறுத்தினார்கள்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர். அதே எம்.டி.எம்.ஏ, சிறுநீரைத் தடுத்து வைக்கும் ஒரு ஹார்மோனை உடம்பில் சுரக்க வைக்கும். குடித்த தண்ணீர் வெளியே போகாது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும், மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடம் ஏது? நீங்கள் சொன்ன அந்தப் பெண் ஆட்டக்களத்தில் இல்லை, தன் பிறந்தநாள் விருந்தில் வீட்டில் இருந்தார். வியர்த்து வெளியேற வழியில்லாமல் ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமார் 7 லிட்டர் குடித்திருக்கிறார். தண்ணீர் குடி என்ற பாதி அறிவுரை மட்டும் காதில் விழுந்தால் இப்படித்தான் ஆகும். மீதிப் பாதி: ஆடுகிறவர் மணிக்கு அரை லிட்டர் அளவில் கொஞ்சம் கொஞ்சமாக, கூடவே உப்பு சேர்ந்த ஏதாவது. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு அதைவிடக் குறைவு. தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு, வலிப்பு வந்தால் மேலும் தண்ணீர் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைத்து, என்ன சாப்பிட்டார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இல்லாமல் நாங்கள் இழக்கும் நிமிடங்கள் கொஞ்சமில்லை.

தாளக்காரன்

சட்டத்தின் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1992 மே மாதம் இங்கிலாந்தின் காசில்மார்ட்டன் காமன் புல்வெளியில் அனுமதியில்லாமல் ஒரு வாரம் போல ரேவ் நடந்தது, பல்லாயிரம் பேர். ரேவ் நடத்தும் குழுவான ஸ்பைரல் டிரைப் ஆட்களைப் பிடித்து வழக்குப் போட்டார்கள், கடைசியில் விடுதலையானார்கள். அடுத்து 1994இல் வந்த சட்டம், 100 பேரோ அதற்கு மேலோ திறந்தவெளியில் இரவில் கூடும் ரேவைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தது. அந்தப் பிரிவில் இசைக்கே விளக்கம் எழுதினார்கள்: திரும்பத் திரும்ப வரும் தாளங்கள் தொடர்ந்து ஒலிப்பது. ஆட்டெக்கர் என்ற மின்னணு இசைக் குழு அதே வருடம் இதை எதிர்த்து ஒரு ரெக்கார்டு போட்டார்கள், அதில் உள்ள ஒரு இசைத்துண்டில் எந்தத் தாளச் சுற்றும் இன்னொன்றைப் போல இருக்காது.

நெதர்லாந்து வேறு வழியில் போனது. 1992இலேயே மாத்திரைகளைச் சோதித்துச் சொல்லும் தேசியத் திட்டம் அங்கே தொடங்கிவிட்டது. போதைப்பொருளை நிறத்தால் அடையாளம் காட்டும் மார்க்கி கரைசல் ஒரு சொட்டு விட்டால் எம்.டி.எம்.ஏ இருக்கும் துணுக்கு ஊதாவாகிக் கறுக்கும். ஆனால் நிறம் பார்த்து அளவு தெரியாது, கூட என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது, அதனால்தான் அவர்கள் ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். பி.எம்.ஏ என்ற வேறொரு போதைப்பொருள் எக்ஸ்டசி என்ற பெயரில் விற்கப்பட்டது. அது மெதுவாக ஏறும், ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவதைப் போட்டவர்கள் செத்திருக்கிறார்கள்.

நிலவன்

யாழினி, இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை, நன்றி. அண்ணா, உங்கள் சினேகிதன் என்ன ஆனார்?

பழைய கேசட்

பிழைத்தான் தம்பி. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, சிறுநீரகம் தேறி வர இன்னும் பல மாதம். போன வாரம்கூடப் பேசினோம், உரிமமில்லாமல் ஒலிபரப்பிய பழைய பைரேட் ரேடியோவின் கேசட் ஒன்றை அனுப்பச் சொன்னான். டிஜிட்டலாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் உங்களுக்கும் அனுப்புகிறேன், நல்ல ஜங்கிள் அது.