நாலு பேருக்கு வருஷத்துக்கு 10 கிலோ புளியா? யார் வீட்டுல?

ஊத்தங்கரைக்காரன்:
நேத்து சிக்கனச்சிட்டு அக்கா "மாசி மாசச் சிக்கனம்"னு ஒரு பட்டியல் போட்டிருந்தாங்க. தக்காளி மலிவா கிடைக்கறப்பவே தொக்கு கிளறி வை, வெயில் ஏறினதும் கூழ்வடாம் பிழி, முருங்கைக்காய் விலை இறங்கினா குழம்பை அதுலயே ஓட்டு. எல்லாம் சரி. நடுவுல ஒரு வரி: "நாலு பேர் குடும்பத்துக்கு வருஷப் புளி 10 கிலோ, இப்பவே வாங்கிடுங்க." படிச்சதும் காப்பி புரையேறிடுச்சு. எங்க வீட்டுலயும் நாலு பேர்தான். கொல்லையில ரெண்டு புளியமரம் நிக்குது. அப்படியும் வருஷத்துக்கு 4 கிலோவைத் தாண்டினதில்லை. 10 கிலோ வாங்கச் சொல்றதுக்குப் பேரு சிக்கனமா?

சிக்கனச்சிட்டு:
தம்பி, மரம் வச்சிருக்கறவங்களுக்குக் கணக்கு எதுக்கு? காசு குடுத்து வாங்கறவளுக்குத்தான் அது தெரியணும். தினம் ஒரு எலுமிச்சம்பழ அளவு. நகை நிறுக்கற சின்னத் தராசுல வச்சுப் பார்த்துட்டுதான் எழுதினேன். 25 கிராம். 365 நாளைக்கு 9 கிலோ 125 கிராம். நாலு தடவை புளியோதரை, வீட்டுக்கு வந்து போற ஜனம், எல்லாம் சேர்த்தா 10. காப்பியை மெதுவா குடிங்க.

வத்தக்குழம்பு வாசு:
புளியை நகைத் தராசுல நிறுத்தா, நகையை எதுல நிறுப்பீங்க அக்கா? அரிசி மண்டியிலயா?

ஊத்தங்கரைக்காரன்:
எலுமிச்சம்பழம்னா எந்த எலுமிச்சம்பழம்? எங்கம்மா கிள்ளிப் போடறது பெரிய நெல்லிக்காய் அளவுதான். அதுவும் தினமும் கிடையாது. திங்கள் மோர்க்குழம்பு. புதன் கடைஞ்ச பருப்பும் எலுமிச்சை ரசமும். ஞாயிறு கறி. மிச்சம் வாரத்துக்கு நாலு நாள், வருஷத்துக்கு 208 நாள். 20 கிராம்னே வச்சுக்கங்க, 4 கிலோ 160 கிராம். இதுக்குத் தராசு வேணாம், விரல் போதும். அதுவும் மாசியில ராயக்கோட்டைத் தக்காளி சீப்பட்டுக் கிடக்குது. ரெண்டு பழத்தைப் பிசைஞ்சு விட்டா புளி பாதிதான் இழுக்கும்.

கணக்கு வாத்தியார்:
ஒரே ஒரு சந்தேகம். அக்காவோட 10 கிலோ கொட்டையோட வாங்கினதா, கொட்டை எடுத்ததா? தம்பியோட 4 கிலோ எது? போன வருஷம் நாங்க 10 கிலோ கொட்டைப்புளி வாங்கித் தட்டினோம். கொட்டை, நாரு போக ஜாடிக்குள்ள போனது 6 கிலோ சொச்சம். இதை ரெண்டு பேரும் சொல்லிட்டா பாதிச் சண்டை தீர்ந்துடும்.

ஊத்தங்கரைக்காரன்:
ஐயா, அது அப்புறம். முதல்ல அந்த 25 கிராமுக்குப் பதில் வரட்டும்.

சிக்கனச்சிட்டு:
25 கிராம்தான். நாளைக்குக் கேட்டாலும் 25 கிராம்தான்.

காரைக்குடி மருமகள்:
நான் அக்கா கட்சி. எங்க வீட்டுல 10 கிலோவே பத்தாது. 4 கிலோ, 4 கிலோன்னு பேசற ஆம்பளைங்கள்ல யாராவது ஒரு கிலோ புளியையாவது உட்கார்ந்து தட்டியிருக்கீங்களா? முந்தாநாள் காலையில முற்றத்துல சாக்கை விரிச்சு உட்கார்ந்தேன். ஒவ்வொண்ணா கல்லு மேல வச்சு, சுத்தியல் காம்பால தட்டி, கொட்டையைப் பிதுக்கி, நாரை உருவி, திரும்ப வெயில்ல காயவச்சு... மதியத்துக்குள்ள பெருவிரல் நகக்கண்ணு எரிய ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம் ஜாடியில ஒரு வரிசை புளி, ஒரு பிடி கல்லுப்பு, மறுபடி புளி, மேல துணி போட்டு வேடு கட்டணும். இடுப்பு போச்சு. கூடத்துல உட்கார்ந்திருந்த மாமனார் கேட்டது ஒரே கேள்வி: "ரசம் ரெடியா?"

வத்தக்குழம்பு வாசு:
அந்த ரசத்துக்கு எத்தனை கிராம் போட்டீங்கன்னு சொல்லுங்க. சபை காத்துக்கிட்டு இருக்கு.

ஊத்தங்கரைக்காரன்:
நான் தட்டியிருக்கேன். மரம் ஏறி உலுக்கியும் இருக்கேன். ஓடு உடைச்சு, கொட்டை எடுத்து, நாரைக்கூட வீணாக்காம அதாலயே பித்தளைக் குடத்தைத் தேய்ச்சு வச்சிருக்கோம். புளியங்கொட்டையை வறுத்து நொறுக்குத்தீனியாத் தின்னு வளர்ந்த பையன் நான். எனக்குப் பாடம் எடுக்காதீங்க. பேச்சு இடுப்பைப் பத்தி இல்ல. 10 கிலோவைப் பத்தி.

நத்தம்காரன்:
ஊத்தங்கரைப் புளின்னா 10 கிலோ என்ன, 15 கிலோகூடப் போகும். புளிப்பு இருந்தாத்தானே கொஞ்சமா போட முடியும்? எங்க நத்தம் சரக்கு 4 கிலோ போதும்.

ஊத்தங்கரைக்காரன்:
அண்ணே, நானே 4 கிலோன்னுதான் சொல்றேன். என் பக்கம் நின்னுக்கிட்டே என் ஊரை வையறீங்களே?

நத்தம்காரன்:
உங்க பக்கம் நான் எப்பப்பா நின்னேன்? 4 கிலோ நத்தம் புளிக்குத்தான். உங்க ஊர்ப் புளிக்கு அக்கா சொல்றதுதான் சரி.

ஊத்தங்கரைக்காரன்:
நத்தம் புளின்னு இப்ப கடையில குடுக்கறதுல இந்துப்பூர் சரக்கும் கலந்து வருது, தெரியுமில்ல? சாக்கைப் பார்த்து ஏமாறாதீங்க.

நத்தம்காரன்:
எங்க மண்டியைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் பேசு தம்பி.

பழையது பிரியை:
புதுப்புளியா, பழம்புளியான்னு யாரும் கேக்கவே இல்லையே? எங்க பாட்டி புதுப்புளியை அந்த வருஷம் தொடவே மாட்டாங்க. போன மாசியில போட்டது கறுத்துக் கிடக்கும், அதுல கொஞ்சம் கரைச்சாலே குழம்பு நிறம் கட்டும். புதுசு வெளுப்பா இருக்கும், பார்த்தா மனசு நிறையாது, இன்னும் கொஞ்சம்னு போட்டுடுவோம். இன்னொண்ணு, பட்டியல்ல ரேஷன் துவரம்பருப்பை ஏன் அக்கா விட்டீங்க? கிலோ 30 ரூபாய். சிக்கனம்னா அதுதானே முதல்ல?

காரைக்குடி மருமகள்:
அந்தப் பருப்பு வேகறதுக்குள்ள சிலிண்டர் தீர்ந்துடும்.

பழையது பிரியை:
ரெண்டு மணி நேரம் ஊறப்போட்டா வெண்ணெயா வேகும். ஊறப்போட மறக்கறவங்க பருப்பைக் குத்தம் சொல்லக்கூடாது. எங்க வீட்டுல மூணு பிள்ளைங்க அந்தப் பருப்புலதான் வளர்ந்துச்சு.

காரைக்குடி மருமகள்:
நான் உங்க பிள்ளைங்களை ஒண்ணும் சொல்லலைங்க. எதுக்கு இவ்வளவு கோபம்?

கணக்கு வாத்தியார்:
கொட்டையோடயா, கொட்டை இல்லாமலா?

ஊத்தங்கரைக்காரன்:
பருப்புச் சண்டையைத் தனியா வச்சுக்கங்க. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் இல்ல. 10 கிலோ புளியை ஒரே நாள்ல வாங்கணும்னா சம்பளக்காரன் வயித்துல புளியைக் கரைக்காதா? அந்தக் காசுக்கு மாசி முழுக்க நாலு பேர் சாப்பிடலாம். காலையில ராத்திரிச் சோத்துத் தண்ணி, சின்ன வெங்காயம், மாவடு. மதியம் கீரைத்தண்டுக் கூட்டு, ரசம். ராத்திரி கேப்பங்களி, மதியம் மிஞ்சின கூட்டு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவங்க சொன்னது சும்மா இல்ல.

சிக்கனச்சிட்டு:
அளந்துதான் போடறேன். அதைத்தானே கேலி பண்றீங்க? மாசியில வாங்காம ஐப்பசி மழையில கடைக்குப் போய் கால் கிலோ, அரை கிலோன்னு வாங்கிப் பாருங்க, எது சிக்கனம்னு புரியும். போன வருஷம் இதே தம்பிதான் "பங்குனியில எங்கக்கா மழை வரப்போகுது, தைரியமா பிழியுங்க"ன்னு அடிச்சுச் சொன்னார். மொட்டை மாடியில ரெண்டு படி அரிசி வடாம், வேட்டியோட சேர்ந்து கூழாப் போச்சு. அதை நான் மறக்கலை.

ஊத்தங்கரைக்காரன்:
வானத்துக்கு நான் ஜவாப்தாரியா? அதுவும் ராத்திரி வடாத்தை உள்ள எடுத்து வைக்காதது யாரு?

வத்தக்குழம்பு வாசு:
அட, புளியில ஆரம்பிச்சு வேட்டி வரைக்கும் வந்தாச்சு. நீங்க ரெண்டு பேரும் ஓடும் புளியம்பழமும் மாதிரி. ஒரே காம்புலதான் தொங்கறீங்க, ஒட்டத்தான் மாட்டேங்கறீங்க.

ஊத்தங்கரைக்காரன்:
வாசு அண்ணே, சிரிங்க. வத்தக்குழம்புன்னு பேரு வச்சுக்கிட்டு இதுவரைக்கும் ஒரு கணக்கும் சொல்லலை நீங்க.

வத்தக்குழம்பு வாசு:
எங்க வீட்டுல புளி வாங்கறது என் மாமியார். எனக்கு வாய் மட்டும்தான்.

ஊத்தங்கரைக்காரன்:
அதான் தெரியுதே. திரும்பவும் சொல்றேன், 4 கிலோ 160 கிராம். 10 கிலோன்னு சொல்றவங்க ஒரு மாசம் எழுதி வச்சுக் காட்டட்டும்.

சிக்கனச்சிட்டு:
மாசம் எதுக்கு? இப்பதான் ரசத்துக்கு ஊறப்போடப் போனேன். நிறுத்தேன். 26 கிராம்.

ஊத்தங்கரைக்காரன்:
ஈரக்கையோட எடுத்தீங்களா?