ரப்பர் கொட்டை எண்ணெய் டீசலாகாமல் சோப்பாகிறது, எங்கே பிசகு?

குலசேகரம் மாணவி:

எம்எஸ்சி வேதியியல் கடைசி வருடம். ரப்பர் கொட்டை எண்ணெயில் பயோடீசல் எடுப்பதுதான் புராஜெக்ட். அப்பா பால் வெட்டும் தோட்டத்தில் ஆவணி மாதம் காய் வெடிக்கும் சத்தம் டப் டப்பென்று கேட்டுக்கொண்டே இருக்கும். கீழே கிடக்கும் கொட்டை யாருக்கும் வேண்டாம். அதனால்தான் இந்தத் தலைப்பைப் பிடிவாதமாக எடுத்தேன். மழை விட்டதும் இரண்டு சாக்கு பொறுக்கி, காயவைத்து, ஆட்டி எண்ணெய் எடுத்தாயிற்று.

200 கிராம் எண்ணெய், வினையூக்கியாக 2 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு (காரம்) கரைத்த மெத்தனால், 60 டிகிரி. தேங்காய் எண்ணெயில் இதே அளவுக்கு அழகாக இரண்டு அடுக்கு பிரிந்தது. இதிலோ பத்து நிமிடத்தில் கூழாகி, கலக்கும் காந்தம் சுற்றாமல் நின்றுவிட்டது. கழுவினால் ஒரே நுரை. மூன்று தடவையும் இப்படியே.

அமிலம் எவ்வளவு என்று பார்க்கும் டைட்ரேஷனில் 1 கிராம் எண்ணெய்க்கு 0.1 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 6 மில்லி பிடித்தது. காரத்தைக் கூட்டிப் போடலாமா? சிப்பி ஓட்டைச் சுட்டுப் போடு என்கிறார் கைடு. எது சரி?

தக்கலை பழைய கெமிஸ்ட்:

கூட்டாதே மக்ளே, சோப்புதான் கூடும். நீ தந்த எண்ணிலேயே விடை இருக்கிறது. 6 மில்லி என்றால் அமில மதிப்பு (1 கிராம் எண்ணெயின் அமிலத்துக்குப் பிடிக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மில்லிகிராமில்) சுமார் 34. எண்ணெயில் ஏறக்குறைய 17 சதவீதம் கொழுப்பு அமிலம் தனியாகக் கிடக்கிறது. 200 கிராமில் அது 0.12 மோல். நீ போட்ட காரம் 0.05 மோல்தான். வினையூக்கி முழுவதையும் அமிலமே தின்றுவிட்டது, வினைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

முதலில் அமிலத்தை எஸ்டராக்கு; பயோடீசல் என்பதே எஸ்டர்தான். 200 கிராமுக்கு 55 மில்லி மெத்தனால், 1 மில்லி அடர் கந்தக அமிலம், ஆவியைக் குளிரவைத்துத் திருப்பும் கண்டென்சர் மாட்டி 60 டிகிரிக்குள். மெத்தனால் 64.7-ல் கொதிக்கும்; அதன் ஆவி விஷம், தீயும் பிடிக்கும். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்கு வெளியே செய்யாதே. அப்புறம் மேலே நிற்கும் மெத்தனால் அடுக்கை எடுத்துவிடு. வினையில் பிறந்த தண்ணீர் அதோடு போகும். டைட்ரேஷன் 0.35 மில்லிக்குள் இறங்கினால் மட்டும் காரம் போடு. 2005-ல் கோழிக்கோடு என்ஐடி ஆய்வாளர்கள் இதே எண்ணெய்க்கு வெளியிட்டதும் இந்த இரண்டு படி வழிதான்.

ஒன்று கேட்கிறேன், கொட்டை எத்தனை நாள் மழையில் கிடந்தது? ஈரம் பட்டால் கொட்டைக்குள் இருக்கும் லிப்பேஸ் நொதியே எண்ணெயை உடைத்து அமிலமாக்கும்.

குளச்சல்காரன்:

சிப்பி ஓடு நல்ல யோசனைதான், ஆனால் முதல் படிக்கு அல்ல. இந்த எண்ணெயில் நேராகப் போட்டால் கால்சியம் சோப்பு வரும். அமிலத்தைக் குறைத்த பிறகு போடுங்கள். ஓட்டைக் கழுவிப் பொடித்து 900 டிகிரியில் சில மணி நேரம் சுட்டுக் கால்சியம் ஆக்சைடாக்க வேண்டும்; அதுதான் இங்கே வினையூக்கி. 10 கிராம் போட்டால் 5.6 கிராம் மிஞ்ச வேண்டும். அதற்கு மேல் நின்றால் உள்ளே இன்னும் வேகவில்லை. சூடு ஆறியதும் ஈரம் புகாத டெசிக்கேட்டர் பாத்திரத்துக்குள் வையுங்கள். காற்றில் விட்டால் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் ஏறி வீரியம் போய்விடும்.

கலக்குவதையும் கவனியுங்கள். மெத்தனாலும் எண்ணெயும் ஒட்டாது, தொடக்கத்தில் வினையின் வேகம் கலக்கும் வேகத்தில்தான் இருக்கிறது. குடுவையில் வந்த நேரம் 20 லிட்டர் டிரம்மில் வரவே வராது.

குலசேகரம் மாணவி:

அண்ணன், ஐயா, இருவருக்கும் நன்றி. கொட்டை மூன்று வாரம் மழையில் கிடந்தது. முதல் படி செய்தேன், 6 மில்லி 0.3-க்கு இறங்கியது. பிறகு காரம் போட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் பார்த்தால் அடியில் கட்டன் சாயா நிறத்தில் கிளிசரின், மேலே தெளிந்த மஞ்சள், நடுவில் கத்தியால் கீறிய மாதிரி கோடு. அப்பாவுக்குப் போட்டோ அனுப்பினேன். அடுத்த ஆவணியில் விழுந்த அன்றே பொறுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சிப்பி ஓடு திங்கட்கிழமை ஃபர்னஸில் ஏறுகிறது.