சின்ன ஊருக்குக் குடிநீர்க் கடன்: கணக்கில் உபரி இருக்கிறது, கையில் பணம் இல்லை. எதைப் பார்ப்பது?

புதுக்கணக்கு:

வணக்கம். கடன் மதிப்பீட்டு வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இதுவரை பார்த்ததெல்லாம் தனியார் நிறுவனங்கள், இப்போதுதான் முதல் தடவையாக ஒரு சின்ன ஊரின் கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. புதுக் கிணறு, பம்பு, மேல்நிலைத் தொட்டி, பாதி ஊருக்குப் புதுக் குழாய். 20 வருடக் கடன் கேட்கிறார்கள்.

உண்மைத் தொகையை இங்கே போட முடியாது, அதனால் ஒரு வருடத் தண்ணீர்க் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 100, இதர வருமானம் 6, தேய்மானம் சேர்க்காமல் செலவு 86. உபரி 20. புதுக் கடனுக்கு அசலும் வட்டியுமாக வருடத்துக்கு 15 கட்ட வேண்டியிருக்கும். 20-ஐ 15-ஆல் வகுத்தால் 1.33, எங்களிடம் உபரி தவணையைப் போல 1.25 மடங்கு இருந்தாலே போதும். தணிக்கையும் முடிந்த கணக்கு. ஆனால் குடிநீர்க் கணக்கின் வங்கி இருப்பு மூன்று வருடமாக இறங்கிக்கொண்டே வருகிறது. வருடா வருடம் உபரி வருகிற இடத்தில் பணம் எங்கே போகிறது? நான் எதையாவது தப்பாகப் படிக்கிறேனா?

பழைய தணிக்கையாளர்:

தப்பாகப் படிக்கவில்லை, சரியான இடத்தில்தான் உறுத்தியிருக்கிறது. முதல் கேள்வி, அந்த 100 கேட்பா (பில் போட்ட தொகை), வசூலா (கையில் வந்த தொகை)? பில் போட்ட அன்றே அது வருமானம் என்று ஏறிவிடும். யாரும் கட்டாவிட்டாலும் லாபக் கணக்கில் அது 100-தான், கட்டாத தொகை இருப்புநிலைக் குறிப்பில் வரவேண்டிய பாக்கி என்று போய் உட்கார்ந்துகொள்ளும். கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலை மூன்று வருடத்துக்கும் வாங்குங்கள். வாங்கும்போது வசூலில் நடப்பு எவ்வளவு, பழைய பாக்கி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள், பிரிக்காமல் கொடுத்தால் எப்போதுமே அழகாகத்தான் தெரியும். நிலுவையில் முதல் பத்துப் பெயரையும் பாருங்கள். ஏழை வீடுகள்தான் கட்டவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் பட்டியலின் உச்சியில் ஏதாவது ஒரு அரசுக் கட்டடம் இருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அந்த 6. புது இணைப்புக்கு வாங்குகிற வைப்புத்தொகை அதில் இருக்கிறதா? அது திருப்பித் தர வேண்டிய பணம், வருமானமே இல்லை.

மின் கட்டணத்துக்குப் பன்னிரண்டு பில்லையும் எண்ணிப் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஊரில் இதில்தான் ஏமாந்தேன். செலவுப் பேரேட்டில் மொத்தத் தொகை ஒழுங்காக இருந்தது, பில் கட்டைப் பிரித்து மாதத்தைப் பார்க்கவில்லை. நான்கு மாத பில் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. பம்பை ஓட்டுகிற ஊரில் மின்சாரம்தான் பெரிய செலவு, அதில் கொஞ்சம் ஒளித்தாலே உபரி வந்துவிடும்.

வால்வு திறப்பவன்:

கணக்குப் புத்தகத்தை அவர் சொல்லிவிட்டார். நான் குழாய்ப் பக்கத்து ஆள், எனக்கு ஒரே கேள்விதான். இறைக்கிற தண்ணீர் எவ்வளவு, பில் போடுகிற தண்ணீர் எவ்வளவு? 100 லிட்டர் இறைத்து 60-க்கு பில் போட்டால் மீதி 40-க்கும் மின்சாரமும் குளோரினும் செலவாகியிருக்கிறது. அந்த ஓட்டைக் குழாயிலேயே புதுக் கிணற்றுத் தண்ணீரையும் விட்டால், கடன் வாங்கி மண்ணை நனைக்கிற கதைதான்.

மீட்டர் இல்லை, அளக்க முடியாது என்பார்கள். விடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தொட்டியை நிரப்பி, உள்ளே வருகிற வால்வை மூடிவிட்டு, ஊருக்குப் போகிற வால்வை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மட்டத்தைப் பாருங்கள். தொட்டியின் பரப்பு 50 சதுர மீட்டர், ஒரு மணி நேரத்தில் மட்டம் 10 செ.மீ. இறங்குகிறது என்றால் 5,000 லிட்டர். ஊரே தூங்குகிற நேரத்தில் 5,000 லிட்டர் யார் குடித்தது? (வீட்டுத் தொட்டிகள் நிரம்பிக்கொண்டிருந்தால் கணக்கு கெட்டுவிடும், அதனால் மாலையில் நன்றாகத் தண்ணீர் விட்ட நாளில் செய்யுங்கள். ராத்திரி அழுத்தம் அதிகம், பகலில் கசிவு கொஞ்சம் குறையும். அதையே 24-ஆல் பெருக்கிவிடாதீர்கள்.)

கம்போடியாவின் தலைநகர் நோம்பென்னில் 1993-இல் 72 சதவீதத் தண்ணீர் கணக்கில்லாமல் போனது. 2010 வாக்கில் அதை 6 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லாருக்கும் மீட்டர், திருட்டு இணைப்புக்கு அபராதம், பணம் கட்டாதவர் யாராக இருந்தாலும் துண்டிப்பு. அதற்கப்புறம்தான் அந்த நகரக் குடிநீர் நிறுவனம் தன் கடனைத் தானே கட்டுகிற நிலைக்கு வந்தது.

நடுவில் ஒருவர்:

இருவர் சொல்வதும் சரி, ஆனால் இப்படியே போனால் எந்தச் சின்ன ஊருக்கும் கடன் கிடைக்காது. இன்றைய கணக்கு மோசம் என்பதாலேயே திருப்பி அனுப்பிவிடக் கூடாது. மோசமாக இருப்பதால்தானே திட்டமே கேட்கிறார்கள்! அமெரிக்காவில் 1996-இல் குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தி மாநிலச் சுழல்நிதிக் கடன் (திரும்பி வருகிற தவணையிலிருந்தே அடுத்தவருக்குக் கடன் தருகிற நிதி) கொண்டுவந்தபோது, தொழில்நுட்பம், நிர்வாகம், நிதி மூன்றிலும் திறன் இல்லாத அமைப்புக்குக் கடன் இல்லை என்று வைத்தார்கள். கூடவே ஒரு வாசலும் விட்டார்கள். குறையைச் சரிசெய்ய ஒப்புக்கொண்டு மாற்றங்களைச் செய்தால் தரலாம்.

கட்டணம் கடைசியாக எந்த வருடம் உயர்ந்தது என்று பாருங்கள். உயர்த்த இடம் இருக்கிறதா என்பதற்குத் தண்ணீர்ச் செலவு வீட்டு வருமானத்தில் 3 முதல் 5 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்ப்பது பரவலான வழக்கம். ஆனால் சராசரி வீட்டை வைத்துப் பார்க்காதீர்கள், கீழ்த்தட்டு வீட்டை வைத்துப் பாருங்கள். ஒரே ஆலையோ விடுதியோ வருமானத்தில் கால்வாசி தருகிறது என்றால் அதை எடுத்துவிட்டும் ஒரு தடவை கணக்குப் போடுங்கள்.

அப்புறம், தவணை குறையட்டும் என்று 30 வருடத்துக்கு இழுக்கச் சொல்வார்கள். 8 சதவீத வட்டியில் 100 கடனுக்கு 20 வருடம் என்றால் வருடத்துக்கு 10.2 கட்ட வேண்டும், 30 வருடம் என்றால் 8.9. இந்தச் சின்ன வித்தியாசத்துக்காக மொத்தத்தில் 60-க்கு மேல் கூடுதலாகப் போகும். குழாய் 50 வருடம்கூட வரும். பம்பு 15, 20 வருடத்தில் போய்விடும், போன பம்புக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

புதுக்கணக்கு:

நேரில் போய்விட்டு வந்தேன். கணக்கர் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

100 என்பது கேட்புதான். வசூல் 76, அதில் 8 பழைய பாக்கி. 6-இல் 5 வைப்புத்தொகை. மின் கட்டணம் 9 மாதத்துக்கு 30 எழுதியிருக்கிறது, மீதி 10 கட்டவும் இல்லை, எழுதவும் இல்லை. ஆக நிஜமாக வந்தது 77, ஆக வேண்டிய செலவு 96. உபரி 20 இல்லை, பற்றாக்குறை 19. வங்கி இருப்பு இறங்கியதற்கும் கணக்கு சரியாக வருகிறது: 82 வந்து 86 போயிருக்கிறது, வருடத்துக்கு 4. அதுவும் வைப்புத்தொகையைச் செலவழித்து, மின் பில்லைத் தள்ளிப்போட்டு.

இதில் 15 தவணையை எங்கே வைப்பது?

பழைய தணிக்கையாளர்:

இன்றைக்கு வைக்க முடியாது. ஆனால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். செலவு 96, தவணை 15-க்கு 1.25 மடங்கு, அதாவது 18.75. மொத்தம் 114.75. இதர வருமானம் 1 போக 113.75 கையில் வர வேண்டும். வசூல் 95 சதவீதத்துக்கு வந்தால் கேட்பு 120 வேண்டும், அதாவது கட்டணம் 20 சதவீதம் உயர வேண்டும். வசூல் இன்றைய 76 சதவீதத்திலேயே நின்றால் 50 சதவீதம் உயர்த்தினால்தான் தேறும், கட்டுகிறவன் தலையில்தான் எல்லாம் விழும். அதனால் வசூல்தான் முதலில்.

வால்வு திறப்பவன்:

கசிவை அடைத்தால் அந்த 96-உம் இறங்கும். முழுக் கடனையும் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். முதலில் மீட்டருக்கும் கசிவுக்கும் சின்னத் தொகை, ஒரு வருட வசூலைப் பார்த்துவிட்டுக் கிணறும் தொட்டியும்.

நடுவில் ஒருவர்:

அதோடு கட்டண உயர்வுத் தீர்மானம் கடனின் முதல் பகுதி ஊருக்குப் போவதற்கு முன்னாலேயே கையில் இருக்க வேண்டும். "தேர்தல் முடிந்ததும் போடுகிறோம்" என்பதை ஏற்காதீர்கள்.

புதுக்கணக்கு:

இரண்டு கட்டமாகக் குறிப்பு எழுதிவிட்டேன், மேலதிகாரி முகம் சுளித்தார், ஆனாலும் வாங்கிக்கொண்டார். அந்த ராத்திரிச் சோதனைக்கு வியாழக்கிழமை நானும் போகிறேன். தொட்டியில் மட்டம் காட்டும் கோடுகளே அழிந்துவிட்டதாம், பெயின்ட் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.